நீட் மாதிரித் தேர்வுகள்: எண்ணிக்கையை அல்ல, விடைக்குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் மாதத்தில் முடிந்த பிறகு, மே மாதத்தின் முதல் ஞாயிறன்று நடக்கும் நீட் தேர்வு வரை கிடைக்கும் சில வாரங்களில்தான் மாதிரித் தேர்வுகளின் வியாபாரம் சூடு பிடிக்கிறது. புத்தகக் கடைகளில் தடித்த வினாத்தாள் தொகுப்புகள், கைப்பேசியில் செயலிகள், பயிற்சி மையங்களின் டெஸ்ட் சீரிஸ்கள், அரசு வழங்கும் இலவசத் தளங்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கின்றன. இவற்றுள் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை இலவசமாகவே பெறலாம், எதைத் தொடாமலே விடலாம் என்பதை மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன். விளம்பரங்கள் தேர்வுகளின் எண்ணிக்கையைத்தான் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. என் அளவுகோல் அதுவன்று; ஒரு மாதிரித் தேர்வின் தரம் அதன் விடைக்குறிப்பில் தெரியும் என்பதே என் கருத்து.

எதையும் மதிப்பிடுவதற்கு முன் உண்மையான தேர்வின் இப்போதைய வடிவத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2025 ஆம் ஆண்டுத் தேர்வில் இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45, உயிரியலுக்கு 90 என்று 180 வினாக்கள் இருந்தன. நேரம் 180 நிமிடங்கள், மொத்த மதிப்பெண் 720. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. இந்த வடிவம் 2020 வரை இருந்த பழைய வடிவம்தான். இடையில் 2021 முதல் 2024 வரை தாவரவியல், விலங்கியல் உட்பட ஒவ்வொரு பாடத்துக்கும் 50 வினாக்கள் தரப்பட்டு, இரண்டாம் பிரிவின் 15 வினாக்களில் 10 வினாக்களை மட்டும் எழுதினால் போதும் என்ற ஏற்பாடு இருந்தது. 2022 இலிருந்து அதற்கு 200 நிமிடங்கள் கொடுத்தார்கள். ஆகவே அந்த நான்கு ஆண்டுகளில் அச்சான மாதிரித் தேர்வுத் தொகுப்புகளில் 200 வினாக்கள்தான் இருக்கும். அட்டையை மட்டும் மாற்றி, உள்ளே அதே 200 வினாக்களுடன் விற்கப்படும் தொகுப்புகளைக் கண்டுபிடிக்க முதல் தாளின் கடைசி வினா எண்ணைப் பார்த்தாலே போதும்.

பாடத்திட்டத்தின் நிலை இதைவிடச் சிக்கலானது. 2024 ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட திருத்திய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள் ஆகியவையும், உயிரியலில் தாவரங்களில் கடத்து முறைகள், கனிம ஊட்டம், செரித்தலும் உட்கிரகித்தலும் ஆகியவையும் நீக்கப்பட்டன. இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறைத் திறன் பற்றிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. வெர்னியர் அளவி, திருகு அளவி, உப்புப் பகுப்பாய்வு போன்றவற்றிலிருந்து நேரடியாகவே வினா வரலாம் என்று ஆனது. இங்கே தமிழ்நாட்டு மாணவருக்கென்று தனியாக ஒரு பொறி இருக்கிறது. நீட் பாடத்திட்டத்திலிருந்து போன திட நிலைமையும் உலோகவியலும் செரித்தலும் நம் மாநிலப் பாடநூல்களில் முழுப் பாடங்களாக இருப்பதால், பொதுத்தேர்வுக்காக அவற்றைப் படித்த மாணவர், மாதிரித் தேர்வில் அந்த வினாக்கள் வந்தால் சந்தேகப்படுவதே இல்லை. படித்த பாடம்தானே என்று மகிழ்ச்சியோடு விடை எழுதி, அதற்குரிய மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். உண்மையான தேர்வில் அந்த மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. ஒரு தொகுப்பின் வேதியியல் பகுதியில் கனசதுரப் படிகத்தின் பொதிவுத் திறன் பற்றிய கணக்கு இருந்து, உப்புப் பகுப்பாய்வு பற்றி ஒரு வினாகூட இல்லையென்றால், அது 2023 அல்லது அதற்கு முந்தைய சரக்கு என்று முடிவு செய்துவிடலாம்.

முதலிடம் எப்போதும் உண்மையான பழைய வினாத்தாள்களுக்குத்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தேர்வு முடிந்ததும் வினாத்தாளை மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி உண்டு என்பதாலும், நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை தன் தளத்தில் முந்தைய வினாத்தாள்களை வெளியிடுவதாலும் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. செலவெல்லாம் ஜெராக்ஸ் கடையோடு முடிந்துவிடும். பலரும் ஆண்டுக்கு ஒரு தாள்தான் உண்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கும் மேல் இருக்கிறது. 2015 இல் நடந்த ஏஐபிஎம்டி என்ற அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வை முறைகேடு காரணமாக உச்ச நீதிமன்றம் ரத்து செய்து மறுதேர்வுக்கு உத்தரவிட்டதால் அந்த ஆண்டுக்கு இரண்டு தாள்கள் உள்ளன. 2016 இல் நீட் மே மாதமும் ஜூலை மாதமும் இரு கட்டங்களாக நடந்தது. 2020 இல் செப்டம்பர் தேர்வை எழுத முடியாதவர்களுக்காக அக்டோபரில் இன்னொரு தேர்வு நடந்தது. 2023 இல் மணிப்பூர் மாணவர்களுக்கு ஜூன் மாதம் தனித் தேர்வு நடந்தது. 2024 இல் கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேருக்காக ஜூன் 23 அன்று மறுதேர்வு நடத்தப்பட்டது. இந்தத் துணைத் தாள்களை ஏற்கெனவே பார்த்திருக்கும் மாணவர்கள் மிகக் குறைவு என்பதால், முழு நேரம் வைத்து எழுதிப் பார்ப்பதற்கு இவையே மிகவும் ஏற்றவை. முதன்மைத் தாள்களின் வினாக்களோ பயிற்சிப் புத்தகங்களில் பாடவாரியாகப் பிரித்து அச்சிடப்பட்டு, பிளஸ் ஒன் காலத்திலிருந்தே மாணவர் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பவை. அவற்றில் எடுக்கும் மதிப்பெண்ணில் நினைவாற்றலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

பழைய தாள்களுக்கும் குறைகள் உண்டு. 2016 முதல் 2020 வரையிலான தாள்கள் வடிவத்தில் இன்றைய தேர்வோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அவற்றின் உயிரியல் வினாக்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கேட்கப்பட்ட சிறு வினாக்கள். 2021 க்குப் பிந்தைய தாள்களில் இரு கூற்றுகளைத் தந்து சரி தவறு கேட்பதும், கூற்று–காரணமும், இரு பட்டியல்களைப் பொருத்துவதும் பெருகிவிட்டன. படிக்க வேண்டிய எழுத்தின் அளவே கூடியதால், ஒரு வினாவுக்கு ஆகும் நேரமும் கூடியது. எனவே வடிவத்துக்கு ஒரு காலத் தாளையும் நடைக்கு இன்னொரு காலத் தாளையும் நாட வேண்டியிருக்கிறது. இதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி எளியது: 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் ஒவ்வொரு பாடத்தின் கடைசி ஐந்து வினாக்களை, படித்துப் பார்க்காமலே பேனாவால் அடித்துவிட்டால் 180 வினாக்கள் மிஞ்சும், அவற்றை 180 நிமிடத்தில் எழுதலாம். தேர்ந்தெடுக்கும் சலுகை போய்விடுவதால் மதிப்பெண் சற்றுக் குறையும். இன்றைய தேர்விலும் அந்தச் சலுகை இல்லை என்பதால் அப்படிக் குறைவதே சரியான கணக்கு.

இந்தத் தாள்களை விளக்கங்களோடு தொகுத்து விற்கும் புத்தகங்களுக்கு வருவோம். வினாத்தாள் இலவசமாகக் கிடைக்கும்போது புத்தகத்துக்குப் பணம் கொடுப்பது விளக்கத்துக்காக மட்டுமே. விளக்கம் தேறவில்லை என்றால் புத்தகம் வாங்குவதில் பொருளில்லை. கடையில் நின்றபடியே சோதித்துப் பார்க்க ஒரு வினாவைச் சொல்கிறேன். 2024 ஆம் ஆண்டு இயற்பியல் தாளில் அணுவைப் பற்றி இரு கூற்றுகள் தரப்பட்டிருந்தன. நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சம அளவில் இருப்பதால் அணு மின் நடுநிலையில் இருக்கிறது என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலைத்தன்மை உடையது, தனக்கே உரிய நிறமாலையை வெளியிடுகிறது என்பது இரண்டாம் கூற்று. முதலாவது சரி, இரண்டாவது தவறு என்பதே பொருத்தமான விடை. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலைத்தன்மை உடையவை அல்லவே. ஆனால் மத்தியப் பாடநூலான என்சிஇஆர்டி நூலின் பழைய பதிப்பில் இரண்டாம் கூற்று ஏறத்தாழ அப்படியே அச்சாகியிருந்ததால், இரண்டும் சரி என்று எழுதியவர்களுக்கும் தேர்வு முகமை மதிப்பெண் வழங்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், டெல்லி ஐஐடியின் வல்லுநர் குழு ஒரே விடைதான் சரி என்று சொன்ன பிறகு முடிவுகள் திருத்தப்பட்டன. 720 மதிப்பெண் பெற்றவர்களாக முதலில் அறிவிக்கப்பட்ட 67 பேரில் 44 பேர் இந்த ஒரு வினாவின் தயவால் அந்த எண்ணைத் தொட்டவர்கள். மேலே சொன்ன மறுதேர்வும் இந்தத் திருத்தமும் முடிந்த பிறகு இறுதியில் 17 பேர் மட்டுமே எஞ்சினார்கள்.

இவ்வளவு பெயர் வாங்கிய வினாவுக்கு ஒரு தொகுப்பு என்ன விடை தருகிறது, என்ன காரணம் சொல்கிறது என்று பாருங்கள். இரு விடைகளும் ஏற்கப்படும் என்று இன்னமும் அச்சிட்டிருந்தால், பதிப்பாளர் ஜூன் மாதத்து விடைக்குறிப்பை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை என்று பொருள். ஓராண்டுத் தாளில் அப்படியென்றால் மற்ற ஆண்டுகளிலும் தற்காலிக விடைக்குறிப்பே இடம்பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். தேர்வு முகமை முதலில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணத்தில் ஆட்சேபங்களைப் பெற்று, அதன் பிறகே இறுதி விடைக்குறிப்பை வெளியிடுகிறது என்பதை மாணவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

அரசின் இலவச ஏற்பாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தேசியத் தேர்வு முகமை 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக் காலத்தில், நேஷனல் டெஸ்ட் அபியாஸ் என்ற செயலியை வெளியிட்டது. ஒரு தாளைத் தரவிறக்கிக்கொண்டு, இணைய இணைப்பு இல்லாமலே எழுதிப் பார்க்கலாம் என்பது கிராமப்புற மாணவருக்கு நல்ல வசதி. ஆனால் ஆங்கிலம், இந்தி என்ற அளவில் உருவான செயலி அது. தமிழ் வழியில் படிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. அது வெளிவந்த காலத்தின் பாடத்திட்டமும் இப்போதைய பாடத்திட்டமும் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மத்தியக் கல்வி அமைச்சகத்துக்காகக் கான்பூர் ஐஐடி நடத்தும் சாத்தி என்ற தளம் 2023 இல் தொடங்கப்பட்டது; பாடக் காணொலிகளோடு மாதிரித் தேர்வுகளும் அதில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பாடவாரியான சிறு தேர்வுகளுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். முழு நீளத் தேர்வுக்குக் கைப்பேசித் திரை உகந்ததல்ல. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, பணம் கேட்கும் டெஸ்ட் சீரிஸ்கள். இவற்றின் தரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமன்றி, ஒரே நிறுவனத்தின் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையிலேயே மாறுகிறது என்பதால், பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. ஏறக்குறைய எல்லோருமே ஒரு மாதிரித் தாளையாவது இலவசமாகத் தருகிறார்கள். அதை மாணவர் எழுதிப் பார்ப்பதற்கு முன், பெற்றோரோ ஆசிரியரோ விடைக்குறிப்போடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிக்க வேண்டும். உயிரியல் பகுதியிலிருந்து பத்து வினாக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் விடையும் என்சிஇஆர்டி நூலின் எந்தப் பத்தியிலிருந்து வருகிறது என்று தேடிப் பாருங்கள். உண்மையான தேர்வின் உயிரியல் வினாக்கள் அந்த நூலின் வாக்கியங்களை ஒட்டியே அமைகின்றன. பூக்கும் தாவரங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மகரந்தத் துகள்களை இரு செல் நிலையில் உதிர்க்கின்றன என்பது போன்ற ஒரு வரிச் செய்திதான் அங்கே வினாவாகிறது. பத்தில் மூன்று நான்கு வினாக்களுக்கு அந்த நூலில் ஆதாரமே அகப்படவில்லை என்றால், வினா தயாரித்தவர் கல்லூரிப் பாடநூலிலிருந்து எடுத்திருக்கிறார். அத்தகைய வினாக்கள் மாணவரின் அறிவை வளர்க்கும் என்று வாதிடுவார்கள். வளர்க்கட்டும், ஏப்ரல் மாதம் அதற்குரிய காலமல்ல.

அடுத்து விளக்கத்தின் ஆழம். பிடி பருத்தி பற்றிய ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். கிரை 1 ஏசி, கிரை 2 ஏபி ஆகிய மரபணுக்களின் புரதங்கள் பருத்திக் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்துகின்றன. கிரை 1 ஏபி மரபணுவின் புரதம் மக்காச்சோளத் துளைப்பானைக் கட்டுப்படுத்துகிறது. மூன்று பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் மாணவர்கள் இதில் தொடர்ந்து சறுக்குவார்கள். விடைக்குறிப்பில் விடை எண்ணை மட்டும் போட்டுவிட்டால், தவறு செய்தவர் தான் எந்த இரண்டைக் குழப்பிக்கொண்டோம் என்று அறியாமலே அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். நல்ல விளக்கம் சரியான விடைக்குக் காரணம் சொல்வதோடு நிற்காமல், மற்ற மூன்று தெரிவுகள் ஒவ்வொன்றும் ஏன் பொருந்தாது, அவை எந்த வினாவுக்கு விடையாக வரக்கூடும் என்பதையும் சொல்லும். அப்படி எழுதப்பட்ட ஒரு தாளின் விளக்கங்களைப் படித்து முடிக்க, தேர்வு எழுதிய நேரத்தைப் போல் இரு மடங்கு ஆகும். ஐம்பது தேர்வுகளை அடுக்கி விற்பவர்களிடம் அத்தகைய விளக்கத்தை எதிர்பார்க்க முடியாது; எழுதுவதற்கு அவர்களிடமும் ஆள் இல்லை, படிப்பதற்கு மாணவரிடமும் நாள் இல்லை. பதினைந்து தாள்களும் முழு விளக்கங்களும் தருகிற தொகுப்பு, ஐம்பது தாள்களும் விடை எண்களும் தருகிற தொகுப்பைவிட எவ்வளவோ மேல்.

சில விடைக்குறிப்புகளில் பிழைகளே மலிந்திருக்கின்றன. என் மாணவர் ஒருவர் கட்டணம் செலுத்திச் சேர்ந்திருந்த இணையத் தொடரில் ஒரே தாளின் விலங்கியல் பகுதியில் பல விடைகள் தவறாக இருந்ததைச் சுட்டிக்காட்டி எழுதினோம். பதில் வரவில்லை, விடைகளும் மாறவில்லை. பிழையற்ற தாள் உலகத்தில் இல்லை, அரசுத் தாளிலும் பிழை வருகிறது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் பிழையைத் தெரிவிக்க வழி இருக்கிறதா, தெரிவித்தால் திருத்துகிறார்களா என்பதை இலவசத் தாளிலேயே சோதித்துவிட முடியும். ஓர் ஐயத்தை எழுதி அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள். வாடிக்கையாளராவதற்கு முன்பே பதில் சொல்லாதவர்கள் பணம் கட்டிய பிறகா சொல்லப் போகிறார்கள்?

இயற்பியல் வினாக்களை எடைபோட வேறொரு வழி உண்டு. இந்தத் தேர்வில் கால்குலேட்டரும் இல்லை, மடக்கை அட்டவணையும் இல்லை. ஆகையால் முறையாக அமைக்கப்பட்ட கணக்கில் எண்கள் சுருங்கி வரும். வர்க்கமூலம் எடுக்க வேண்டியிருந்தாலும் தெரிவுகளுக்கு இடையே போதிய இடைவெளி இருக்கும். மூன்று தசம இடம் வரை பெருக்கிப் பார்த்தால்தான் இரு தெரிவுகளைப் பிரிக்க முடியும் என்ற நிலையில் ஒரு வினா இருந்தால், அது கடினமான வினா அன்று, கவனமின்றிச் செய்த வினா. கடினம் வேறு, தொல்லை வேறு. பல டெஸ்ட் சீரிஸ்கள் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரால் விற்கின்றன. 2025 தாளின் இயற்பியல் பகுதி கடினமாக இருந்ததை அடுத்து இந்தப் போக்கு இன்னும் கூடியிருக்கிறது. கணக்கில் உண்மையாகவே வலுப்பெற விரும்புபவர்கள் ஜேஇஇ மெயின் தேர்வின் பழைய வினாக்களில், நீட் பாடத்திட்டத்துக்குள் அடங்குபவற்றைப் பாடவாரியாகச் செய்து பார்ப்பது நல்லது. அவையும் இலவசம், அதிகாரபூர்வ விடைக்குறிப்பும் உண்டு.

மதிப்பெண்ணை வைத்து ஊகம் சொல்லும் வசதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணம் கட்டும் தொடர்களில் பெரும்பாலானவை, எழுதி முடித்த நொடியில் அகில இந்தியத் தரவரிசை என்று ஓர் எண்ணைக் காட்டுகின்றன. அது அந்தத் தொடரை வாங்கி, அன்றைய தாளை எழுதியவர்களுக்குள் உள்ள வரிசை மட்டுமே. தேர்வின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு அண்மைய இரு ஆண்டுகளே சான்று. 2024 இல் 17 பேர் முழு மதிப்பெண் பெற்றார்கள். 650 க்கு மேல் பெற்றவர்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தார்கள். 2025 இல் முதலிடத்தின் மதிப்பெண்ணே 686 தான். 650 ஐத் தாண்டியவர்கள் வெறும் 73 பேர். பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண்ணும் 162 இலிருந்து 144 க்கு இறங்கியது. இப்படியிருக்க, மாதிரித் தேர்வில் 580 வாங்கிய பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் இடம் உறுதி என்றோ, 480 வாங்கிய பிள்ளைக்கு இந்த ஆண்டு இல்லை என்றோ ஒரு செயலி சொல்வதை நம்பி வீட்டில் சோற்றுத் தட்டின் முன் விவாதம் நடத்துவது வீண். ஒரே தொடரின் தாள்களுக்குள், பாடவாரியாக, தவறுகள் குறைகின்றனவா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

தமிழ் வழி மாணவர்களுக்கான தெரிவுகள் வருத்தம் தரும் அளவுக்குக் குறைவு. உண்மையான தேர்வில் தமிழ் வினாத்தாள் இருமொழித் தாளாக வரும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண்பாடு ஏற்பட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. அந்த விதி எவ்வளவு முக்கியம் என்பதை 2018 ஆம் ஆண்டுத் தேர்வு காட்டியது. தமிழ்த் தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது என்று தொடரப்பட்ட வழக்கில், 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எனவே தமிழில் மட்டும் அச்சிட்ட மாதிரித் தேர்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பாதிப் பயிற்சிதான். இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழில் படித்து, ஐயம் வந்த இடத்தில் ஆங்கிலப் பக்கத்தைச் சரிபார்க்கும் பழக்கம் நேரம் வைத்து எழுதும்போதே வர வேண்டும். அதற்கு உண்மையான தமிழ் வினாத்தாள்களைவிடச் சிறந்த பொருள் சந்தையில் இல்லை. மாநில மொழித் தாள்களில் வேறு வினாக்கள் கேட்கப்பட்டதாகச் சர்ச்சைக்குள்ளான 2017 ஆம் ஆண்டின் தமிழ்த் தாளும் இப்போது ஒரு வகையில் ஆதாயமே. ஆங்கிலத் தாளை ஏற்கெனவே பார்த்தவருக்கு அது இன்னொரு புதிய தாள்.

தமிழில் கிடைக்கும் தனியார் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஆங்கில வினாக்களை இயந்திரத்தில் போட்டு எடுத்தவை என்பது இரண்டு பக்கம் படித்தாலே தெரிந்துவிடும். மாநிலப் பாடநூலின் கலைச்சொல் ஒன்றாகவும், தொகுப்பின் சொல் வேறாகவும் இருக்கும். விளக்கப் பகுதியில் தமிழே இருக்காது. இவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மாநிலப் பாடநூல்களின் பாட இறுதி வினாக்களையும், தமிழ் வழியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் வகுப்புக்கெனத் தயாரித்த தாள்களையும் கேட்டு வாங்குவது மேல். அவற்றில் ஐயம் கேட்க ஓர் ஆள் எதிரில் இருக்கிறார்.

கைப்பேசித் திரையைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். நீட் காகிதத்தில் எழுதும் தேர்வு. விடையை ஓஎம்ஆர் தாளில், தேர்வு அறையில் தரப்படும் பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பிக் குறிக்க வேண்டும், நிரப்பியதை மாற்ற முடியாது. ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து நொடி என்று வைத்தாலும் 180 வட்டங்களுக்குப் பதினைந்து நிமிடம் போகிறது. திரையைத் தொட்டு விடையளிக்கும் மாணவர் அந்தப் பதினைந்து நிமிடத்தை எப்போதும் கூடுதலாக அனுபவித்துவிட்டு, தேர்வு நாளன்று அது எங்கே போயிற்று என்று தேடுகிறார். வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது வட்டத்தின் வரிசை ஒன்று தள்ளிப்போகும் விபத்தும் திரையில் நிகழாது, காகிதத்தில் நிகழும். எனவே எந்தத் தொடரை வாங்கினாலும் வினாத்தாளைப் பிடிஎஃப் கோப்பாகத் தரவிறக்கி அச்செடுக்க இடமிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருட்டைத் தடுப்பதாகச் சொல்லி அச்சிட விடாத செயலிகள் பல. அவர்களின் அச்சம் நியாயமாக இருக்கலாம். நமக்கு அந்தத் தொடர் பயன்படாது.

கழிவு மதிப்பெண்ணைக் கையாளவும் மாதிரித் தேர்வில்தான் பழக வேண்டும். ஒன்றும் தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண் கிடைக்கும். ஒரு தெரிவை உறுதியாக நீக்கிவிட்டுக் குறித்தால் சராசரி மூன்றில் இரண்டு மதிப்பெண். இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. எனவே குருட்டாம்போக்கில் குறிப்பதால் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பாதி தெரிந்த வினாவை அஞ்சி விடுவதுதான் நட்டம். இதைத் தனக்குத்தானே கண்டறிய, உறுதியாகத் தெரிந்து குறித்தவை, ஊகித்துக் குறித்தவை என்று வினாத்தாளின் ஓரத்தில் அடையாளமிட்டு, திருத்தும்போது தனித்தனியாக எண்ண வேண்டும். எந்தச் செயலியின் பகுப்பாய்வுப் பக்கமும் இந்தப் பிரிவை நமக்காகச் செய்து தருவதில்லை, ஏனென்றால் நாம் ஊகித்தோமா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே என் பரிந்துரைப் பட்டியல் சிறியது. பழைய தாள்களும் துணைத் தேர்வுத் தாள்களும் இலவசமாக அச்செடுத்தவை. நான்கு தெரிவுகளுக்கும் விளக்கம் தரும், 2024 அணு வினாவில் தேறிய ஒரு தொகுப்புப் புத்தகம். ஒரு கட்டு ஓஎம்ஆர் தாள். வசதி இருந்தால் முழுத் தேர்வுகள் மட்டுமே கொண்ட, அச்செடுக்க விடும் ஒரு கட்டணத் தொடர். ஆண்டு முழுமைக்குமான பெரிய பொதியை வாங்க வேண்டாம். அதில் பாதி, பாடவாரித் தேர்வுகள், அவை சாத்தி தளத்திலும் பாடநூலின் பின்பக்கத்திலும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் போட்டியிடும் மாணவர்கள் கட்டணத் தொடர் இல்லையே என்று ஏங்கத் தேவையில்லை. உண்மையான தாள்களையும் துணைத் தாள்களையும் முறையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் ஒதுக்கித் தவறுகளைத் திருத்தினாலே ஏப்ரல் முடிந்துவிடும்.

2025 ஆம் ஆண்டுத் தாளை மட்டும் யாரும் முன்கூட்டியே பிரித்துப் பார்க்காமல், தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கென்று வைத்திருப்பது நல்லது. அதைப் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிக்க வேண்டும். உண்ட மயக்கத்தோடு எழுதிப் பழகவும் அது உதவும். அதன் இறுதி விடைக்குறிப்பை முன்னதாகவே அச்செடுத்து வீட்டில் வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால், இரண்டாம் மணி நேரத்திலேயே இயற்பியலில் ஒரு விடையை மட்டும் சரிபார்ப்பதாகச் சொல்லி எடுத்துப் பார்க்கும் பிள்ளைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.